ரைட் சார்

மணி பத்து இருபத்திரண்டு. இன்னும் ஐம்பது நிமிஷம் என்று கேப்டன் ஜெபநேசன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். டெல்லி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்த ஐம்பது நிமிஷம் வேறொன்றுக்கு. அவர் முதுகுக்குப் பின்னால், விமானத்தின் வால் பக்கத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு, விமானி அறையில் எழுகிற பேச்சு, இருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற ஒன்றை ஊர் உலகம் எதற்காகக் கறுப்புப் பெட்டி என்கிறதோ தெரியாது. இந்த விமானத்தில் இருப்பது பழைய மாதிரி. கடைசி இரண்டு மணி நேரப் பேச்சை மட்டும் வைத்திருக்கும். அதற்கு முந்தியதை அழித்து, அதன் மேலேயே புதுசை எழுதிக்கொள்ளும். ஒன்பது பன்னிரண்டுக்குப் பேசியது பதினொன்று பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. அதற்காக ஜெபநேசன் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட வேண்டாம். சும்மா உட்கார்ந்து டெல்லிக்குப் போனால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று ஐம்பத்திரண்டு வயசில்தான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் துணை விமானி சுடர்க்கொடி, தட்டில் இருந்த ஆம்லெட்டைத் தொடாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விமானிகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது, ஒருவர் வயிறு கெட்டாலும் மற்றவர் வயிறு நன்றாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதனால் அவருக்கு உப்புமா. உப்புமாவும் வைத்தது வைத்தபடியே இருந்தது. இன்றைக்கு இரண்டு வயிறும் சேர்ந்தே கெட்டிருந்தன.

நடந்தது என்னவோ நாற்பது வினாடிதான். மூன்று வாரமாக அவருக்குப் போட்டதெல்லாம் மதுரை, தூத்துக்குடி, கொழும்பு. சென்னையில் மேற்கே பார்த்து ஏறியதும் இடது பக்கம் திரும்பு, தெற்கே போ. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிற மாதிரி அது கைக்குப் பழகிவிட்டது. இன்றைக்கு டெல்லி. வடக்கு. சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இரண்டாயிரம் அடி ஏறியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள். சுடர்க்கொடி அதை ஒரு எழுத்துப் பிசகாமல் ரேடியோவில் திருப்பிச் சொன்னாள். ஜெபநேசன் காதிலும் நன்றாகத்தான் விழுந்தது. காதில் விழுந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. கை தன்பாட்டுக்குத் திசைக் குமிழை இடது பக்கம் திருகியது. நூற்றெழுபத்து நாலு பேரோடு விமானம் இடது பக்கம் சாய்ந்தது. அப்போது அவள் சொன்னாள், "ரைட் சார்." பிறகு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ரைட், சார்!" அதற்கு இவர் சொன்னார், "சரிம்மா, சரி." அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம், வேறு விமானம் நெருங்கினால் எச்சரிக்கிற இயந்திரம்தான் பேசியது, டிராஃபிக், டிராஃபிக் என்று, பதற்றமே இல்லாத ஓர் ஆண் குரலில். ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்காரர் கத்தினார். ஜெபநேசன் தலையைத் தூக்கினால், இறங்க வந்துகொண்டிருந்த காற்றாடி வைத்த சின்ன விமானம் ஒன்று, இருக்கவே கூடாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. அதன் ஜன்னல் வரிசை தெரிந்தது. ஒரு ஜன்னலில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது, துப்பட்டாவோ, பிள்ளை வைத்திருந்த பொம்மையோ. அவர் கை அப்போதுதான் புத்தி வந்து வலது பக்கம் வளைத்தது. மஞ்சள் மேலே ஏறிப் போய்விட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கட்டுப்பாட்டு அறைக்காரர் குரலைச் சரிசெய்துகொண்டு, இறங்கியதும் எழுத்து மூலம் அறிக்கை கொடுங்கள் என்றார். உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் குலுங்கியதோடு சரி. பாதிப் பேர் கண்ணைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள்.

அறிக்கை. அதை நினைத்ததும் ஜெபநேசன் மனசு தானாகவே வாக்கியங்களைக் கட்ட ஆரம்பித்தது, அதுவும் என்ன அழகான வாக்கியங்கள். ரைட் என்ற சொல்லைத் தமிழன் படுத்துகிற பாடு இங்கிலீஷ்காரனுக்குத் தெரிந்தால் தன் அகராதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவான். பஸ்ஸில் கண்டக்டர் ரைட் என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். கடையில் ரைட்டு என்றால் முடிந்தது, கிளம்பு. போனில் ரைட்டுங்க என்றால் வைத்துவிடுகிறேன். அப்படி இருக்கும்போது, பக்கத்தில் இருக்கிற துணை விமானி 'ரைட் சார்' என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது, போங்கள் என்று ஒரு தமிழ்க் கேப்டன் எடுத்துக்கொண்டது பெரிய குற்றமா? கேட்கிறவன் சிரிப்பான். விசாரணை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள் தமிழனாக இருந்தால் எழுந்து கையே கொடுப்பான். ஆனைக்கும் அடி சறுக்கும் கேப்டன் என்பான். (ஆனையின் முதுகில் இருந்த நூற்றெழுபத்து நாலு பேரை யாரும் கேட்கப் போவதில்லை.) ஆனால் அந்த அழகான வாக்கியத்துக்கு வால் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை பயிற்சி வகுப்பில் நின்று ஜெபநேசனே சொல்வார்: 'சரின்னு சொல்றதுக்கு ரைட்டுன்னு சொல்லாதீங்க. ரைட்டுன்னா இங்க வலப்பக்கம் மட்டும்தான். தப்பா ஏதாவது சொல்லிட்டா மென்னு முழுங்காதீங்க, கரெக்‌ஷன்னு சொல்லிட்டுத் திருத்திச் சொல்லுங்க.' அந்தப் பாடத்தை விசாரணைக்காரன் எடுத்துக் காட்டினால் என்ன ஆகும்? 'வலப்பக்கம் திரும்புங்கள் என்று அந்த அம்மாள் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டாமா?' என்று ஆகும். பாதிப் பழி பக்கத்து இருக்கைக்கு நகரும். இவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். பொய் சொல்லாமலே பழியை நகர்த்த முடிகிறதே என்று மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"சார்," என்றாள் சுடர்க்கொடி. மடியில் டேப்லட் இருந்தது. அறிக்கைப் படிவத்தைத் திறந்து வைத்திருந்தாள். "நான் என்ன சார் எழுதட்டும்?" நடந்ததை எழுதுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வினாடி. ஜெபநேசன், "பாத்துக்கலாம், இறங்கட்டும்," என்றார். அவள் கொஞ்ச நேரம் விரலால் படிவத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருமே கவனிக்கலைன்னு எழுதிடலாமா சார்? உங்களுக்கும் அடுத்த மாசம் லைசன்ஸ் செக் இருக்கு." அப்பாடா என்று இருந்தது அவருக்கு. நிஜமாகவே நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அடுத்த மூச்சில் அது மறுபடி எழுந்து நின்றது. உங்களுக்கும் என்றாளே, அந்த 'உம்'முக்குள் அவளும் இருந்தாள். அடுத்த மாசம் அவள் கேப்டன் தேர்வுக்குப் போகிறாள். எட்டு வருஷம் விமான நிலையக் கவுன்ட்டரில் நின்று, பெட்டிகளை எடை போட்டு, ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுகிறவர்களுக்கெல்லாம் சிரித்து, இருபத்தெட்டு வயசுக்கு மேல் படித்து இந்த இருக்கைக்கு வந்தவள். போன வருஷம் மழையில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இறக்கினாள் என்று ஏற்கெனவே ஒரு குறிப்பு அவள் பெயரில் இருக்கிறது. 'கவனிக்கத் தவறினார்' என்று இன்னொன்று விழுந்தால் தேர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போகும். இரண்டு வருஷம் கழித்து அவளைக் கூப்பிடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். எல்லாம் சார்தான். சார் என்று வந்துவிட்டால் கவனித்ததைக் கவனிக்கவில்லை என்று எழுதவும் கை வந்துவிடுகிறது. மணி பத்து நாற்பத்தொன்று.

ரைட். அந்தச் சொல்லை முதலில் கேட்டது அப்பா வாயிலிருந்துதான். அப்பா ஞானமுத்து கண்டக்டர். லீவு நாளில் ஜெபநேசனைக் கடைசி சீட்டில் உட்காரவைத்துத் திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இழுத்துக்கொண்டு போவார். அப்பா ரைட் என்றால் அவ்வளவு பெரிய பஸ் கேள்வி கேட்காமல் நகரும்; ஓட்டுகிற சுடலைமுத்து அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்படித்தான் அன்றைக்கும். மீன்கூடையோடு ஒரு பொம்பளை இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அப்பா உள்ளே யாரோடோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டே ரைட் என்றார். வண்டி நகர்ந்தது. கூடை உருண்டது, மீன் உருண்டது, அவள் கால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதிரியாக மடங்கிக் கிடந்தது. சாளை மீன் தார் ரோட்டில் வெயிலில் மினுமினுவென்று கிடந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவள் முகம்தான் ஞாபகம் இல்லை. அன்று சாயங்காலம் அப்பா ஜெபநேசன் தோளைத் தொட்டு, "நீ பொறத்தால இருந்தல்லா, ஒண்ணும் பாக்கலல்லா?" என்று கேட்டார். "இல்லப்பா." விசாரணையில் அப்பா, நான் ரைட் கொடுக்கவில்லை, டிரைவர் தானாக எடுத்துவிட்டார் என்று சொன்னார். சுடலைமுத்து அண்ணாச்சிக்கு வேலை போய், ஆறு மாசம் கழித்துத் திரும்ப வந்தது. நடுவில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த கடுங்காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஞானம், நெசமாச் சொல்லு, நீ அன்னைக்கு ரைட்டுக் குடுத்தியா, இல்லியா? எனக்கே இப்பம் சந்தேகமா இருக்குடே," என்றார். அப்பா, "தெரியலியே அண்ணாச்சி," என்றார். ஒரு மனுஷன் தன் காதையே நம்ப முடியாமல் போய், அதை ஏமாற்றியவனிடமே வந்து கேட்கிறான். பத்து வயசு ஜெபநேசன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும் அண்ணாச்சி என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாய் திரும்பிப் போய்விட்டது. நாற்பத்திரண்டு வருஷமாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது.

அப்பா வேறு, தான் வேறு என்று உடனே சொல்லிக்கொண்டார். அப்பா சொன்னது பட்டப்பகல் பொய். இவருடையது காது செய்த பிசகு. ரைட் என்றது சரி என்று கேட்டது, அவ்வளவுதான். அப்படியா? அப்படித்தான். அப்படியே இருக்கட்டும், ஆனால் அவள் குரலை உயர்த்தினாளே, இரண்டாவது தடவை? எல்லாம் சரியாக இருக்கிறது என்று எவனாவது குரலை உயர்த்திச் சொல்வானா? போலாம் ரைட் என்கிற கண்டக்டரின் குரல் கீழே இறங்கி முடியும். இது மேலே ஏறி நின்றது. அது ஜெபநேசனுக்குக் கேட்டது. கேட்டதும் என்ன செய்தார்? சரிம்மா, சரி. இந்தச் சரிம்மாவை அவர் மனைவி பியூலா நன்றாக அறிவாள். 'நீங்க சரிம்மான்னா காதைப் பூட்டியாச்சுன்னு அர்த்தம்' என்பாள். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பூட்டோடு குடித்தனம் நடத்துகிறவள். அதைப் பியூலாவிடம் உபயோகிக்கிறவன் வேறு யாரிடமும் உபயோகிக்காமல் இருப்பானா? அதுவும் காலையில் வேறொன்று நடந்திருந்தது. புறப்படுவதற்கு முன்னால் இன்ஜினியர் எதிரே நிற்கும்போது, எரிபொருள் கணக்கில் இவர் ஒரு எண்ணை மாற்றிப் படித்துவிட்டார். இவள்தான், சார், அது ஆறு இல்லை, எட்டு என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சொன்னது சரியும்கூட. இன்ஜினியர் மீசைக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஜெபநேசன் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது. கவுன்ட்டரில் நின்ற பொண்ணு என்று நினைத்தார். ஆமாம், நினைத்தார். சொல்லவில்லை, நினைத்தார். இன்னொரு தரம் திருத்த வரட்டும் பார்க்கலாம் என்று அந்தச் சரிம்மா காலையிலிருந்தே வாய்க்குள் தயாராக உட்கார்ந்திருந்தது. இரண்டாயிரம் அடியில் அவள் வாயைத் திறந்ததும் அது வெளியே வந்தது. காது பிசகவே இல்லை. அவள் வலது பக்கம் என்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததற்கும் வாயை மூடச் சொன்னதற்கும் நடுவில் அரை வினாடி இருந்தது; அந்த அரை வினாடியில் அவர் மனசில் இருந்தது விமானமும் இல்லை, வடக்கும் தெற்கும் இல்லை, இன்ஜினியரின் மீசை. அதற்காக மஞ்சள் துப்பட்டாக்காரி செத்திருப்பாள். ஜெபநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆண்டவரே என்றார் மனசுக்குள், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

மணி பதினொன்று ஐந்து. பதினொன்று எட்டு. நேரத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு, எதிரே இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் நடுவில் கடிகாரம்தான் இருந்தது. வெளியே வெயில் மேகத்தின் மேல் வெள்ளை வெளேரென்று விழுந்து கிடந்தது, ஒளிய இடமே இல்லாத வெளிச்சம். பதினொன்று பன்னிரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று யார் சொன்னது? பெட்டி சத்தமா போடப் போகிறது? முதலில் அவளுடைய ரைட் போயிருக்கும். அப்புறம் இன்னொரு ரைட். அப்புறம் இவருடைய சரிம்மா, அந்த இயந்திரக் குரல், இவர் போட்ட 'ஐயோ', எல்லாம். இனிமேல் இந்த உலகத்தில் அது இருப்பது இரண்டு பேர் மண்டைக்குள் மட்டும்தான். அதில் ஒரு மண்டை ஏற்கெனவே சார் என்று குனிந்துவிட்டது. தப்பித்தாயிற்று என்று சொல்லிப் பார்த்தார். எதிர்பார்த்த அப்பாடா வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இப்போது அந்தச் சோற்றைத் தின்ன வேண்டும். பதினொன்று பதினாலு. சுடர்க்கொடி டேப்லட்டை மூடினாள். மறுபடி திறந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே, அவரிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், "ஒருவேளை நான் சத்தமா சொல்லலையோ சார்? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு," என்றாள்.

அன்றைக்கு அந்தக் கடுங்காப்பி ஆறிச் சில்லிட்டுப் போயிருந்தது. அண்ணாச்சி அதைக் குடிக்கவே இல்லை. தம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, வரேன் தாயி என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அப்பா அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார். ஓய்வு பெற்றார், கோயில் கமிட்டியில் இருந்தார், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்று தசமபாகம் தவறாமல் கொடுத்தார். மீன் மட்டும் சாப்பிட மாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஏன் என்று தெரிந்த ஒரே ஆளும் கேட்டதில்லை. தெரியலியே அண்ணாச்சி. ஜெபநேசன் வாயில் அதே வாக்கியம் வந்து நின்றது, தெரியலியேம்மா என்று, கொஞ்சம் நாகரிகமாக. சொன்னால் முடிந்தது. அவள் ஆமாம் சார் என்பாள், எழுதுவாள், அனுப்புவாள். நாலு நாளில் அவளே நம்பிவிடுவாள், தான் சத்தமாகச் சொல்லவில்லை என்று. அடுத்த தடவை வேறொரு கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து, வேறொரு தப்பைப் பார்க்கும்போது, பார்த்த கண்ணையே நம்பாமல் ஒரு வினாடி நிற்பாள். அந்த ஒரு வினாடி போதும். பெட்டி அழித்ததோடு நிற்கவில்லை, இவர் இப்போது அவள் மண்டைக்குள்ளும் கையை விட்டு அழித்துக்கொண்டிருக்கிறார். அது புரிந்தபோது அவருக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு, தலைக்கு மேலே பலகையில் இருந்த சின்ன ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார். அதுதான் பெட்டியின் காது. பழசை அழிக்கிற பெட்டி புதுசைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

"மணி பதினொண்ணு பதினாறு," என்றார், அந்த ஓட்டையைப் பார்த்து. சுடர்க்கொடி திரும்பினாள். "கேப்டன் ஜெபநேசன் பேசறேன். காலையில ஒன்பது பன்னிரண்டுக்கு நடந்தது இதுல அழிஞ்சிருக்கும், அதனால திரும்பச் சொல்றேன். வலது பக்கம் திரும்பச் சொன்னாங்க. நான் இடது பக்கம் திருப்பினேன். துணை விமானி சுடர்க்கொடி ரைட்டுன்னு சொன்னாங்க. சத்தமாத்தான் சொன்னாங்க." தமிழில்தான் பேசினார். டெல்லிக்காரர்கள் யாராவது தமிழாளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். "எனக்குக் கேட்டுச்சு. அர்த்தமும் புரிஞ்சுது. காலையில என்னை ஒரு தடவை திருத்தினாங்கங்கற கோவத்துல, சரிம்மான்னு சொல்லி அவங்க வாயை அடைச்சேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு தடவை சொன்னாங்க." முடிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார். பத்து வாக்கியமோ பன்னிரண்டு வாக்கியமோ, அதற்கு நாற்பத்திரண்டு வருஷமா என்று இருந்தது. அவள் நன்றி சார் என்பாள், அல்லது எதுக்கு சார் இதெல்லாம் என்பாள், தான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்ட வேண்டியிருக்கும் என்று, வெட்கங்கெட்ட மனசு அதற்குள் அதையும் எதிர்பார்க்க ஆரம்பித்தது.

சுடர்க்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"மூணு தடவை சார்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க குமிழ்ல கை வச்ச உடனேயே ஒரு தடவை சொன்னேன். திரும்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம் ரெண்டு தடவை. மூணு தடவை சொன்னேன் சார்."

ஜெபநேசன் அந்த முதல் தடவையைத் தேடினார். குமிழ், கை, ஏறுகிற இரைச்சல், இன்ஜினியரின் மீசை. எல்லாம் இருந்தது, அவள் குரல் மட்டும் இல்லை. திரும்ப ஒரு முறை தேடினார். அப்போதும் இல்லை. சரிம்மா என்று சொல்ல வாய் பழக்கத்தில் திறந்தது. அதை மூடிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி அந்த ஓட்டையைப் பார்த்து, "கரெக்‌ஷன்," என்றார். "மூணு தடவை."